செல்லை எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது? உட்கருவிலிருந்தா, சவ்விலிருந்தா?

கேள்வி இது: "மகள் ஒன்பதாம் வகுப்பு. செல் படம் வரைந்து பாகம் குறிக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒப்பிக்கிறாள். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், லைசோசோம் தற்கொலைப் பை, உட்கரு செல்லின் மூளை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விழிக்கிறாள். உட்கருவில் ஆரம்பித்து விளக்கினால் புரியுமா?"

புரியாது என்பதுதான் என் அனுபவம். பள்ளியில் உயிரியல் எடுக்கும் ஆள் நான். ஆரம்பத்தில் நானும் உட்கருவில்தான் தொடங்குவேன். வகுப்பு தலையாட்டும், பரீட்சைத் தாளில் அதே ஒற்றை வரிகள் திரும்பி வரும். இப்போது படத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு கோட்டில் தொடங்குகிறேன். 'செல் சவ்வு' என்று அம்புக்குறி போட்டுவிட்டுப் பிள்ளைகள் தாண்டிப் போகும் அதே கோடுதான்.

உட்கரு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. தன் உட்கருவைத் துப்பிவிட்டுத்தான் அது வேலைக்கே வருகிறது. அப்படியும் ஏறக்குறைய 120 நாள் ஓடி உழைக்கிறது. அதே சிவப்பணுவை வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பி, சில நொடிகளில் சவ்வு கிழிந்து, கதை முடிந்தது. டிரிப்ஸ் ஏற்றும்போது வெறும் தண்ணீரை ஏற்றாமல் 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏற்றுவது இதனால்தான். உட்கரு இல்லாமல் நாலு மாதம் தாங்கும் செல், சவ்வு போனால் ஒரு நிமிடம் தாங்குவதில்லை. (120 நாளுக்கு மேல் ஏன் தாங்கவில்லை என்று மகள் கேட்டால் சந்தோஷப்படுங்கள். பழுது பார்க்கப் புதுப் புரதம் வேண்டும். அதற்கான செய்முறை உட்கருவோடு போய்விட்டது. உட்கருவின் வேலை என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.)

இனி அடுக்களைக்குப் போங்கள். ஒரு பீட்ரூட் போதும்.

தோல் சீவி, ஒரு விரல் அகலக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டியதும் கை, பலகை எல்லாம் சிவக்கும். அது கத்தி பட்டு அறுந்த செல்களிலிருந்து வந்த சாயம். குழாயடியில் வைத்து, வழியும் தண்ணீர் தெளிவாகும் வரை நன்றாக அலசுங்கள். இதை அவசரப்பட்டு விட்டுவிட்டால் சோதனை கெட்டுப்போகும். பிறகு இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர். இரண்டிலும் நான்கு நான்கு துண்டு போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். குளிர்ந்த தண்ணீர் லேசான ரோஜா நிறத்தோடு நின்றுவிடும். சுடுதண்ணீர் அடர் சிவப்பாகிவிடும்.

'சூட்டில் சாயம் கரைகிறது' என்று மகள் சொல்வாள். முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். சாயம் பச்சைத் தண்ணீரிலும் நன்றாகவே கரையும். கையில் ஒட்டியது குழாய்த் தண்ணீரில் போனதே, அது எப்படி என்று கேளுங்கள். கரையத் தெரிந்த சாயம், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருந்தும், வெளியே வராமல் உள்ளேயே இருக்கிறது. அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சூடு பட்டதும் அந்தப் பிடி விடுபட்டது. பிடித்து வைத்திருந்தது சவ்வு. ஒன்றல்ல, இரண்டு: சாயம் இருக்கும் பெரிய நுண்குமிழை (செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பை, வாக்குவோல்) சுற்றி ஒரு சவ்வு, அதற்கு வெளியே செல்லின் சவ்வு.

அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 7 முதல் 8 நானோமீட்டர்தான். பத்தாயிரம் சவ்வை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏதோ ஒரு நோட்டுத் தாளின் தடிமன் வரும். ஆனாலும் பீட்ரூட்டின் சிவப்பை மாதக்கணக்கில் கட்டி வைக்கிறது. எப்படி என்றால், சவ்வின் அடிப்படை கொழுப்பு. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்றால் அவை என்ன செய்யும்? வால்களை நடுவில் ஒளித்துக்கொண்டு, தலைகளை இரு பக்கமும் நீட்டி, இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும். யாரும் கட்டுமானம் செய்ய வேண்டியதில்லை. ரசத்தின் மேல் தாளிப்பு எண்ணெய் தானாகவே வட்டம் வட்டமாகத் திரள்கிறதே, அதே குணம்தான்.

இரண்டு வரிசை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அழகான கதை. 1925இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் அது இரண்டு மடங்கு வந்தது. ஏன் சிவப்பணு? உள்ளே வேறு சவ்வே இல்லாத செல் அது. கிடைக்கிற கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வினுடையது என்று தைரியமாகச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொழுப்பையும் முழுதாக எடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், விடை சரியாக வந்துவிட்டது.

சவ்வு சுவர்போல எல்லாவற்றையும் மறித்தால் செல் பட்டினி கிடந்து சாகும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அந்தக் கொழுப்பின் ஊடே சுலபமாகப் போய்வரும். தண்ணீர் கொஞ்சம் அப்படியே கசியும், மீதி தனக்கென்று உள்ள புரதக் குழாய் வழியாகப் பாயும். இந்தக் குழாயைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உப்புக்கும் சர்க்கரைக்கும் அந்தச் சலுகை இல்லை. புரதத்தால் ஆன கதவு திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

அந்தக் கதவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. குடலின் உட்சுவர்ச் செல்களில், சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்து உள்ளே விடும் ஒரு புரதம் இருக்கிறது. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவில் வயிற்றுப்போக்கு அருவியாகக் கொட்டும்போதும் இந்தக் கதவு வேலை செய்கிறது. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குளுக்கோஸ் சுவைக்காக இல்லை. அது சோடியத்துக்கான ஜோடி. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் கதவு திறக்காது.

அடுத்த குழப்பம், சவ்வும் செல் சுவரும். பத்துத் தாளில் ஐந்தில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருப்பார்கள். தாவரச் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸாலான சுவர் உண்டு. சுவர் விறைப்பு தருமே தவிர, தண்ணீர், உப்பு, சர்க்கரை எதையும் தடுக்காது. கம்பி வேலி மாதிரி. காற்று, மழை எல்லாம் உள்ளே போகும். யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று பார்ப்பது உள்ளே இருக்கும் சவ்வு.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். பள்ளி நுண்ணோக்கிக்கு மகளை ஒரு சின்ன வெங்காயத்தோடு அனுப்புங்கள். வழக்கமாக எல்லோரும் வெங்காயத்தின் வெள்ளை உட்தோலை உரித்து சாஃப்ரனின் சாயம் போடுவார்கள். அதற்குப் பதில், செதிலின் வெளிப்புறத்தில் ஊதா நிறமாக இருக்கும் மெல்லிய தோலைப் பிளேடால் கீறி உரிக்கச் சொல்லுங்கள். சாயமே வேண்டாம், நுண்குமிழில் இயற்கையாகவே ஊதா இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் பார்த்தால் செங்கல் அடுக்கியது போல, ஒவ்வொரு செங்கல்லும் முழுக்க ஊதா. பிறகு கண்ணாடி மூடியின் ஒரு ஓரத்தில் கெட்டி உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் காகிதத்துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஊதா சுருங்கி, மூலையை விட்டு விலகி, செங்கல்லின் நடுவே ஒரு உருண்டையாக ஒதுங்கும். செங்கல்லின் எல்லைக் கோடு அப்படியே நிற்கும். நிற்பது சுவர், சுருங்கியது சவ்வு. இதைப் பார்த்த பிள்ளை அப்புறம் இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் என் வகுப்பில் பாதிப் பேர் கறுத்த, தடித்த விளிம்போடு அச்சு அசலான வட்டம் ஒன்றை வரைந்து 'செல்' என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். நானும் இரண்டு நோட்டில் சரி போட்டுவிட்டேன். மூன்றாவது நோட்டில்தான் உறைத்தது: அது மூடிக்கு அடியில் மாட்டிய காற்றுக் குமிழ். மூடியைச் சாய்த்து, ஒரு பக்கம் முதலில் தொட்டு, மெல்ல இறக்கினால் குமிழ் வராது.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது எதை என்று இப்போது மகளைக் கேளுங்கள். சின்னச் சின்ன அறை என்று அவர் சொன்னது வெறும் சுவரைத்தான். தக்கையின் செல்கள் எப்போதோ செத்து உள்ளே காலியாகியிருந்தன. ஆள் இல்லாத வீட்டைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. (இலங்கைப் பாடநூல்களில் இதற்குக் 'கலம்' என்று பெயர். உள்ளே எதையோ வைத்துக் காக்கிற பாத்திரம் என்ற பொருளில் பார்த்தால் அது இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மைட்டோகாண்ட்ரியாவை அவர்கள் 'இழைமணி' என்கிறார்கள், அதுவும் அழகு.)

வடுமாங்காய் போடும் வீடென்றால் அதையும் காட்டிவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் கல்லுப்பு மட்டும் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்குகிறது. வெங்காயத் தோலில் நடந்த அதே சவ்வூடு பரவல்தான். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். ஊறுகாயைக் கெடுக்க வரும் பாக்டீரியாவுக்கும் அதே கதி.

இணையத்தில் வினிகரில் ஊறவைத்த முட்டையைக் காட்டி 'இதுதான் செல் சவ்வு' என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. சவ்வூடு பரவலைக் காட்ட அது நல்ல சோதனை. ஆனால் ஓட்டுக்கடியில் இருக்கும் அந்தத் தோல் புரத இழைகளால் பின்னியது. செல் சவ்வு அல்ல.

இனி செல்லுக்குள் இருக்கும் 'பாகங்கள்'. அவற்றில் பெரும்பாலானவை இதே சவ்வால் தடுத்த தனித்தனி அறைகள். ஒன்றோடொன்று சேரக் கூடாதவற்றைப் பிரித்து வைக்க அறை வேண்டியிருக்கிறது. வெங்காயம் வெட்டும்போது கண் எரிவது இதற்கு நல்ல சாட்சி. முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரிவதில்லை. எரிச்சலுக்கான கந்தகச் சேர்மம் ஒரு இடத்திலும், அதை உடைக்கும் நொதி நுண்குமிழிலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி சவ்வைக் கிழிக்கிறது, இரண்டும் கலக்கின்றன, வேறொரு நொதியும் சேர்ந்துகொண்டு கண்ணீர் வரவழைக்கும் வாயு அந்த நிமிடம் உண்டாகிறது. வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கினால் கறுப்பதும் இதே சங்கதி. நொதி ஒரு அறையில், துவர்ப்புப் பொருள் ஒரு அறையில், காற்றின் ஆக்சிஜன் வெளியே. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோமே, அந்தப் புளிப்பு நொதியை அடக்குகிறது, தண்ணீர் காற்றை மறைக்கிறது. நம் வீட்டில் யாரும் இதை உயிரியல் என்று சொல்லித் தரவில்லை.

லைசோசோமைக் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதேபோல ஒரு கலப்பில்தான். 1949இல் பெல்ஜியத்தில் கிறிஸ்டியான் டி டூவ் எலியின் கல்லீரலை மெல்ல அரைத்து, அதிலுள்ள ஒரு நொதியின் வேகத்தை அளந்தார். வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. கலவையைக் கொட்டிவிடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்ப அளந்தால் நொதி முழு வேகத்தில் வேலை செய்தது. பழைய சரக்கு புதியதைவிட வீரியமாக இருந்தால் என்ன அர்த்தம்? நொதி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. ஏதோ ஒரு பைக்குள் பூட்டியிருந்தது. நாள் போகப்போகப் பை கிழிந்தது. நுண்ணோக்கியில் பார்க்கும் முன்பே இப்படி ஊகித்து, 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 'தற்கொலைப் பை' என்ற பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. அன்றாடம் அது செய்வது குப்பையை அரைத்துத் திரும்பப் பயன்படுத்துவது. உள்ளே நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் அதன் நொதிகள் முழுமூச்சாக வேலை செய்யும். ஒன்றிரண்டு பை ஒழுகினாலும் வெளியே புளிப்பு இல்லாததால் நொதிகள் மந்தமாகிவிடும். பூட்டுக்கு மேல் பூட்டு.

மைட்டோகாண்ட்ரியாவை 'ஆற்றல் நிலையம்' என்பது வெறும் உவமை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே அது நீர்மின் நிலையம் போலத்தான் நடக்கிறது. அதற்கு இரண்டு சவ்வு. உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, ஹைட்ரஜன் அயனிகளை உட்சவ்வின் உள்ளிருந்து வெளிப்பக்கம் இறைக்கிறது. மேட்டூரில் 120 அடிக்குத் தண்ணீரைத் தேக்குவது போல, சவ்வின் ஒரு பக்கம் அயனிகள் தேங்கி நிற்கின்றன. திரும்ப உள்ளே வர ஒரு வழிதான்: சவ்வில் பொருத்திய, நிஜமாகவே சுழலும் ஒரு புரதச் சக்கரம். அது சுழலும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் வந்தது. உட்சவ்வு ஏன் மடிப்பு மடிப்பாக இருக்கிறது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இப்போது பதில் தானே வரும்: பரப்பு கூடினால் சக்கரங்களை அதிகமாகப் பொருத்தலாம். அணையில் ஓட்டை விழுந்தால் மின்சாரம் வராது, தண்ணீர் வீணாகும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்புச் செல்களில் அந்த ஓட்டையை உடம்பே வேண்டுமென்று திறந்து வைக்கிறது. ஏ.டி.பி.க்குப் பதில் சூடு கிடைக்கிறது. குளிரில் நடுங்கத் தெரியாத குழந்தைக்கு அது போதும்.

இலையின் பசுங்கணிகத்திலும் (குளோரோபிளாஸ்ட்) இதே அணை, இதே சக்கரம். இறைக்கும் ஆற்றல் மட்டும் வெயிலிலிருந்து வருகிறது. எண்டோபிளாச வலை, கோல்கை இரண்டையும் புதுச் சவ்வும் புரதமும் தயாராகி, பொட்டலமாகி வெளியே போகும் பட்டறை என்று சொல்லி விட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

கடைசியில் உட்கரு. மூளை என்ற உவமை தப்பான எண்ணத்தைத் தருகிறது; அது யோசித்துக் கட்டளை போடுவதில்லை. சமையல் குறிப்பு நோட்டைப் பூட்டி வைத்த அறை என்று சொல்லிப் பாருங்கள். மனிதச் செல் ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அறைக்குள் அது சுருண்டு கிடக்கிறது. அந்த அறைக்கு இரட்டைச் சவ்வு, சவ்வில் துளைகள். நோட்டு வெளியே வராது. தேவையான பக்கத்தின் நகல் மட்டும் துளை வழியாக வரும். அதைப் படித்துப் புரதம் சமைப்பது ரைபோசோம். அதன் நுட்பமான அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்தது நம் சிதம்பரத்தில்.

இங்கே என் சவ்வுக் கதைக்கு ஒரு விதிவிலக்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரைபோசோமுக்குச் சவ்வு கிடையாது. அதனால்தான் உள்ளறைகள் இல்லாத பாக்டீரியாவிலும் அது இருக்கிறது. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆனால் செல் சவ்வு இல்லாத பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. மைட்டோகாண்ட்ரியா செய்யும் அயனி இறைப்பை அது தன் செல் சவ்விலேயே செய்துகொள்கிறது.

மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெயர் எதுவும் எழுதாமல் செல்லை வரையச் சொல்லுங்கள். அவள் போடும் ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்து 'இதற்கு அந்தப் பக்கம் என்ன, இந்தப் பக்கம் என்ன, கலந்தால் என்ன ஆகும்?' என்று மட்டும் கேளுங்கள். திணறும் இடத்தில் பீட்ரூட்டையோ வெங்காயத்தையோ எடுத்துக் கையில் கொடுங்கள்.

பீட்ரூட்டில் நான்கு துண்டு மீதி வைத்திருப்பீர்கள் அல்லவா? அதை ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடும் முன், தண்ணீர் என்ன நிறமாகும், ஏன் என்று அவளை எழுதித் தரச் சொல்லுங்கள். சூடு படாமலே தண்ணீர் சிவக்கும். பனிக்கட்டிக்கு முனை உண்டு என்பதை அவளே யோசித்து எழுதுகிறாளா பாருங்கள்.